காலையில் காணாமல் போகும் ஃபோல்டர்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து, நேற்றுத் தட்டிய அதே கட்டளையைக் கீதா தட்டினாள். அப்படி ஒரு கட்டளையே தனக்குத் தெரியாது என்றது கறுப்புத் திரை.

இன்னொரு முறை தட்டினாள். அதே பதில். புராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். அவள் எழுதியவை அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு பெரிய ஃபோல்டரை மட்டும் காணவில்லை. நோட் மாட்யூல்ஸ் என்று அதற்குப் பெயர். ஒரு வெப் அப்ளிகேஷன் ஓடுவதற்கு வேண்டிய உதிரிச் சாமான்கள் எல்லாம் இணையத்திலிருந்து இறங்கி உட்கார்ந்துகொள்ளும் இடம் அது. நேற்று மதியம் அவள் இறக்கி வைத்த ஸாஸ் என்ற கருவியும் அதற்குள்தான் இருந்தது.

தான்தான் எதையாவது தப்பாக அமுக்கிவிட்டோம் என்று முதலில் நினைத்தாள். நாலு வருஷம் தொடாத வேலை. கைக்கு மறந்துபோயிருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் அவளும் ரிஃபானாவும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். மாமனார் பாலுசாமிக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன சமயம், அவரைத் தூக்கி உட்கார வைக்கக் கணபதிப் பகுதியில் இருந்த வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. மாமியார் உயிரோடு இல்லை. கணவன் மிதுனுக்கு ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை. கீதா வேலையை விட்டாள். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. இப்போது பாலுசாமி கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியாகவே டீக்கடைக்குப் போய் வருகிறார்.

போன வாரம் ரிஃபானா போன் பண்ணினாள். "எங்க புது கம்பெனில ஆள் எடுக்கறாங்கடி. மொதல்ல ஒரு வேலை குடுப்பாங்க. வெள்ளிக்கெழம மத்தியானம் பன்னண்டுக்குள்ள முடிச்சு அனுப்பிட்டீன்னா திங்கக்கெழம ஆபீஸ். இல்லைன்னா அடுத்த ஆள் கியூல நிக்குது, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"முடிச்சுருவன்டி."

"பழைய ஆளுன்னு சொல்லி வெச்சிருக்கேன். என் மானத்தை வாங்கிறாத."

வேலை இதுதான். ஒரு பம்ப் கம்பெனியின் டீலர்கள் ஆர்டர் போடும் அப்ளிகேஷன். அதே அப்ளிகேஷன் அந்தக் கம்பெனியின் மூன்று பிராண்டுகளுக்கும் ஓட வேண்டும். ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு ஆரஞ்சு. பக்கத்தின் நிறம், வடிவம் எல்லாம் எழுதியிருக்கும் பழைய ஸ்டைல்ஷீட்டில் நீல நிறம் மட்டும் நூற்று நாற்பது இடத்தில் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. கையால் மாற்றுவதென்றால் ஒவ்வொரு பிராண்டுக்கும் நூற்று நாற்பது முறை. ஸாஸ் என்பது இந்தச் சிரமத்தைக் குறைக்கும் கருவி. நிறத்துக்கு ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில் எழுதி வைத்தால் போதும். எங்கெல்லாம் அந்தப் பெயர் வருகிறதோ அங்கெல்லாம் அதுவே நிறத்தைப் பரப்பி, பிரௌசருக்குப் புரியும் சாதாரண ஸ்டைல்ஷீட்டாக மாற்றித் தந்துவிடும். ஸாஸை இறக்க வேண்டும், கோப்புகளின் பெயரை மாற்ற வேண்டும், அவற்றைக் கூப்பிடும் வரிகளைத் திருத்த வேண்டும், பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு விதியாகத் திருப்பி எழுத வேண்டும். கம்பெனி ஈமெயிலில் அனுப்பிய ஜிப் கோப்பை விரித்து, செவ்வாய்க்கிழமை அவள் அதைத்தான் தொடங்கினாள். ஒரு வரியில் நீலத்தைப் பச்சை ஆக்கியதும் பக்கம் முழுக்கப் பச்சை ஆனபோது, அடுப்பில் பால் பொங்குவது கூடக் காதில் விழவில்லை.

காணாமல் போன ஃபோல்டரைத் திரும்ப இறக்க ஒரே ஒரு கட்டளை போதும். பதினைந்து நிமிஷம் ஆயிற்று. எல்லாம் ஓடியது. கீதா அதை மறந்துவிட்டு வேலையில் இறங்கினாள்.

வியாழக்கிழமை காலை மறுபடி காணோம்.

இந்தத் தடவை அவள் எதையும் உடனே தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். முந்தின ராத்திரி லேப்டாப்பை மூடும்போது இருந்தது; அது நிச்சயம். லேப்டாப்பின் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அவளே திங்கட்கிழமை தூக்கிப் போட்ட ரெண்டு பழைய படங்கள் கூட அதில் இல்லை. புராஜெக்ட் ஃபோல்டர் கடைசியாக மாறிய நேரம் 5:52 என்று காட்டியது.

ஐந்தே முக்காலுக்கு அவள் பால் வாங்கக் கிளம்புவாள். ஆறேகாலுக்குத் திரும்புவாள். அந்த அரை மணி நேரம் வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

பாலுசாமி கூடத்தில் செய்தித்தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளுக்கு முன்னால் அன்னூரில் இருக்கும் தங்கச்சியோடு அவர் போனில் பேசியது கீதாவின் காதில் விழுந்திருந்தது. 'மருமவ வேலைக்குப் போறாளாமா. பாக்கலாம்.' அந்தப் பாக்கலாம் அவள் மனசில் முள்ளாக நின்றது.

"மாமா, காத்தால இந்த லேப்டாப்பை யாராச்சும் தொட்டாங்களாங்க?"

"நாந்தொட்டன் கண்ணு."

"என்னங்க பண்ணுனீங்க?"

"சார்ஜர் வயரைக் கழட்டி உட்டேன். கொதிக்குது. நம்ம தோட்டத்து மோட்டாரு இப்படித்தான் கொதிச்சு கொதிச்சு ஒரு நாளைக்குக் காயில் எரிஞ்சு போச்சு."

"வேற ஒண்ணும் பண்ணலீங்களா?"

"நான் வேற என்னத்தப் பண்றது. அதுல எனக்குப் பேப்பர் படிக்கவே தெரியாது. உன்ற ஊட்டுக்காரந்தான் காத்தால அதுல கூட்டிப் பெருக்கிட்டு உக்காந்திருந்தான்."

"என்னத்தைக் கூட்டறாருங்க அதுல?"

"எனக்கென்ன தெரியும். பட்டறைக்காரன் புத்தி. லேத்துல மொத ஜாப் மாட்டறதுக்கு முந்தி மேசையில ஒரு பிசிறு இருக்கக் கூடாது அவனுக்கு. இல்லீன்னா கை ஓடாது." சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் இறக்கி, வேண்டியதை விட ஒரு நொடி அதிகமாக அவளைப் பார்த்தார். "ஏன் கண்ணு, வேலை ஆவுலியா?"

அந்தக் கேள்வியில் அக்கறை இருந்ததா, ஆசை இருந்ததா என்று கீதாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ஆவுதுங்க மாமா" என்று மட்டும் சொன்னாள். தப்பை மகன் தலையில் கட்டுகிறாரோ என்றும் தோன்றியது.

ஆனால் சந்தேகம் ஒரு முறை வாசல் தாண்டினால் எல்லா அறைக்குள்ளும் எட்டிப் பார்க்கும். இந்த வாரம் தினமும் காலையில் அந்த லேப்டாப்பிலிருந்து அன்றைய டிராயிங்குகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டுதான் மிதுன் பட்டறைக்குப் போவான். லேப்டாப்பே பட்டறைக்கு வாங்கியது. அவளுக்காகத்தான் இப்போது வீட்டில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சாயங்காலமே தகட்டை வளைத்து லேப்டாப்புக்கு ஒரு தாங்கி செய்து கொண்டுவந்து வைத்தவன் அவன். அவனா செய்வான்? செய்ய மாட்டான் என்று சொல்ல வாய் வந்தது. பிறகு, இப்படி ஒரு தாங்கியைச் செய்து வைத்துவிட்டால் தன்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று ஒருவன் நினைக்கலாமே என்று இன்னொரு குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்க அவளுக்கே அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் மிதுன் வந்து, சோப்புத் தூளைப் போட்டுக் கையில் இருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க, லேப்டாப்புல ஏதாச்சும் பண்ணுனீங்களா?"

தேய்த்த கை நின்றது. "ஏன், ஏதாச்சும் வித்தியாசமா இருக்குதா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"டிராயிங் ஏத்தறேன். தெனமும் ஏத்தறதுதான?" அவன் குழாயை மூடினான். "ஆமா, அந்தக் கம்பெனிக்காரங்க உன்னைய நேர்ல பாத்தாங்களா?"

"ரிஃபானா என்னையப் பாத்தவதான?"

"உனக்கு வந்த ஈமெயில் ரிஃபானாதான் அனுப்பிச்சாளா? இல்ல அவ பேரைச் சொல்லிட்டு வேற எவனாச்சுமா?"

"எனக்கெல்லாம் நெசமான வேலை யாரு குடுப்பாங்கன்னு நெனைக்கறீங்க. அதானுங்க?"

"நான் அப்படிச் சொல்லல அம்மணி." அவன் முகத்தைத் துண்டில் துடைத்தான். துண்டு முகத்தில் வெகுநேரம் இருந்தது. "எப்ப முடியுது இந்த வேலை?"

"நாளைக்கு மத்தியானம்."

"நாளையோட தீந்துருமல்ல?"

தீந்துருமா என்று அவன் கேட்ட விதம் பிடிக்கவில்லை. ஒரு தொல்லை ஒழிவதைப் பற்றிக் கேட்பது போல இருந்தது. அன்றைக்கு அவள் சாப்பாடு போட்டாள், அவன் சாப்பிட்டான், சாம்பாரில் உப்புக் குறைவு என்று பாலுசாமி மட்டும் பேசினார்.

வேலை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. மூன்று பிராண்டும் ஓடின. கடைசியாக ஒரு தரம் சரிபார்த்துக் காலையில் அனுப்பலாம் என்று வைத்தாள். எழுதியதை ஒரு நகல் எடுத்து வேறெங்காவது போட்டு வைத்திருக்கலாம். அது தோன்றவே இல்லை. யார் என்று கண்டுபிடிப்பதில் இருந்த கவனம் அவளுக்கு வேறு எதிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் பால் பையை எடுத்துக்கொண்டு கீதா படி இறங்கினாள். கேட்டைச் சத்தம் கேட்கும்படி திறந்து சத்தம் கேட்கும்படி மூடினாள். பக்கத்து வீட்டுக் கார் ஓரமாக நின்று நூறு வரை எண்ணினாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

மேசை முன்னால் மிதுன் உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலம் போய்க்கொண்டிருந்தது. அதன் மேலே பெரிய எண் ஒன்று சரசரவென்று குறைந்தது. அவள் கிட்டே வருவதற்குள் கோடு நிரம்பி, அந்தக் கட்டமே மறைந்தது.

"ஏனுங்க" என்றாள்.

அவன் திரும்பினான். திருட்டு முழி இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அவன் முகத்தில் இருந்தது நிம்மதி.

"பயப்படாத. போயிருச்சு. வேரோட புடுங்கிப்போட்டேன்."

"என்னது போயிருச்சு?"

"வைரஸ். உன்னையப் பயமுறுத்த வேண்டாம்னுதான் சொல்லல. புதங்கெழம பாக்கறேன், முப்பத்தோராயிரம் பைலு. ஒண்ணு கூட நீ எழுதுனதில்ல, ஒண்ணுக்குக் கூட அர்த்தம் தெரீல. இதே லேப்டாப்புலதான் என்ற டிராயிங் எல்லாம் இருக்குது. கந்தப்பன் பட்டறை கம்ப்யூட்டர்ல இப்படித்தான் எவனோ பூந்து அத்தனை டிராயிங்கையும் பூட்டிப்போட்டான்; ஒரு மாசம் மிஷினு நின்னுச்சு. கந்தப்பன் சொல்லிக்குடுத்தபடி நானும் அழிச்சேன். மறுநா பாத்தா மறுபடி முளைச்சிருக்குது. அழிக்க அழிக்க முளைச்சா அது வைரஸ் இல்லாம வேற என்ன? அதான் இன்னைக்கு அந்த மேல் ஃபோல்டரோட சேத்தி..."

அவள் முகத்தைப் பார்த்து அவன் நிறுத்தினான்.

கீதா அவனைத் தள்ளிக்கொண்டு மௌஸைப் பிடித்தாள். குப்பைத் தொட்டி காலி. திரும்ப எடுக்க முடியாதபடி தொட்டியையும் சேர்த்துக் காலி செய்யும் முறையை அவனுக்குக் கந்தப்பன் சொல்லிக் கொடுத்திருந்தான். நீலம், பச்சை, ஆரஞ்சு, மூன்று நாள் எழுதியது, எதுவும் இல்லை.

"முளைச்சது இல்லீங்க" என்றாள். "நான் தெனமும் திரும்பத் திரும்ப எறக்குனேன். அது என்ற வேலைக்கு வேண்டிய சாமான். அதுக்குப் பக்கத்துல இருந்ததுதான் என்ற வேலை."

மிதுன் எழுந்து நின்றான். கூடத்திலிருந்து பாலுசாமி, "என்னடா பண்ணிப்போட்டே?" என்றார்.

"பன்னண்டு மணிக்கு அனுப்போணும்" என்றாள் கீதா.

"நான் இன்னைக்குப் பட்டறைக்குப் போகல. கூட உக்காந்துக்கறேன். எதையாச்சும் படிச்சுச் சொல்லோணும்னா சொல்றேன்."

"வேண்டாம். நீங்க கிளம்புங்க. நீங்க இந்த ரூம்புல இருந்தா நான் திரையப் பாக்க மாட்டேன், உங்களையத்தான் பாப்பேன்."

அவன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு, காப்பி கூடக் குடிக்காமல் படி இறங்கினான். பாலுசாமி அன்றைக்குத் தானே அடுப்பைப் பற்றவைத்து, சக்கரை இல்லாத காப்பி ஒன்று போட்டு, பாதியைத் தட்டில் சிந்திக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். கூடத்துக்குப் போய் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

ஆறரை மணி. ஈமெயிலில் பழைய ஜிப் கோப்பு இருந்தது. மறுபடி விரித்தாள். ஸாஸை இறக்கினாள். கோப்புகளின் பெயரை மாற்றினாள். நிறங்களுக்கு என்று ஒரு தனிக் கோப்புத் திறந்து முதல் வரியில் நீலத்தை எழுதியபோது, ஒன்று கவனித்தாள். கை யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு வரிக்கும் கூகுளைக் கேட்ட கை, இப்போது அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. முதல் தடவை, ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு அடுக்கு வரை விதிகளைத் திணித்து எழுதியிருந்தாள்; ஸாஸ் அனுமதிக்கிறது என்பதற்காகவே. எழுதியவளுக்கே மறுநாள் புரியவில்லை. இப்போது மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் நிறுத்தினாள். பாதி வரிகள் தேவைப்படவே இல்லை.

எட்டு மணிக்கு நீலம் வந்தது. பத்தேகாலுக்குப் பச்சை. பதினொன்றரைக்கு ஆரஞ்சை மாட்டியபோது பக்கமே வெளுத்துச் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி வந்தது. கீதா தன்னிச்சையாகத் திரும்பி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாருமில்லை. ஆர்டர் பக்கத்தில் ஒரு வரி, பெயர் மாறிய கோப்பைப் பழைய பெயரிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இது அவளுடைய தப்பு. அவளுடைய தப்பு என்று தெரிந்ததே என்னவோ தெம்பாக இருந்தது. திருத்தினாள். ஆரஞ்சு வந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு அனுப்பினாள். ஒரு நகலை ரிஃபானாவுக்கும், ஒரு நகலைத் தனக்கே தன் ஈமெயிலுக்கும்.

மிதுன் ஒரு மணிக்குச் சாப்பிட வந்தான். செருப்பை வெளியே விட்டு, வாசல் நிலையைத் தாண்டாமல் நின்றான்.

"அனுப்பிச்சயா?"

"அனுப்பிச்சேன்."

அவன் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "மன்னிச்சுக்க அம்மணி. எனக்குத் தெரியாம..."

"தெரியாம அழிச்சதுக்கு எனக்குக் கோவமில்லீங்க. மூணு நாளு. வைரஸ்னு பட்டுதுன்னா, ஒரு தரம் என்னைய இது என்னன்னு கேட்டிருக்கலாமல்ல? இந்த ஊட்டுல கம்ப்யூட்டர் படிச்சவ நானு. கந்தப்பனைக் கேட்டீங்க. என்னைய ஏன் கேக்கல?"

மிதுன் மேசையில் இருந்த ஒரு தண்ணீர் வட்டத்தை விரலால் அழித்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் அதையே அழித்தான். கூடத்தில் பாலுசாமியின் டி.வி. முற்றிலும் ஓய்ந்துவிட்டது.

"கேட்டா, அது வைரஸ் இல்லேன்னு நீ சொல்லிப்போடுவயோன்னுதான்" என்றான்.

"அப்படீன்னா?" என்றாள் கீதா.

"வைரஸ்னுதான் நெனச்சேன். அது நெசம். ஆனா இல்லாமயும் இருக்கலாம்னு எங்கியோ ஒரு மூலையில இருந்துச்சு. கேக்காம இருந்தா அழிச்சுக்கலாமே. அழிக்கறப்ப..." அவன் நிமிர்ந்தான். "நீ திங்கக்கெழம போயிட்டீன்னா இந்த ஊடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரீல. நாலு வருசமா எப்ப வந்தாலும் நீ இருந்தே. அது பழகிப்போச்சு. அது உன்ற வேலையத் தின்னுட்டுதான் நடந்துச்சுன்னு நான் நெனச்சுப் பாக்கவே இல்ல."

அவன் பொய் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்பட்டு முடித்திருக்கலாம். சந்தேகப்பட்டது பாதி சரி என்று அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் எழுந்து போய்ச் சோற்றுப் பானையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"நாலு வருசத்துல ஒரு நாளாச்சும் நீங்க கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டிருக்கலாம்."

"வேலை கெடச்சா நான் போவேன்."

"போகோணும்."

"என்ற சாப்பாட்டை நானே போட்டுக்குவேன்" என்றார் பாலுசாமி கூடத்திலிருந்து. "இத்தனை நாளா யாரும் என்னையக் கேக்கல. கேட்டிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேன்."

நாலு மணிக்கு ரிஃபானா கூப்பிட்டாள். "திங்கக்கெழம ஒம்பதரை. லேட்டா வந்து என் பேரைக் கெடுத்துராத. மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? கோடிங் ரொம்பச் சுத்தமா இருக்குதாம், ரெண்டாவது தடவை எழுதுன மாதிரி." ரிஃபானா சிரித்தாள். கீதா அதற்குக் காரணம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் மிதுன் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் லேப்டாப்பைத் திறந்து, தன் பெயரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கினாள். இனிமேல் அவனுடைய டிராயிங்குகள் அவன் பக்கத்தில், அவளுடைய கோப்புகள் அவள் பக்கத்தில். பாஸ்வேர்டு வைக்கச் சொல்லித் திரை கேட்டது.

"எனக்குச் சொல்லுவயா?" என்றான் மிதுன்.

"சொல்றேன். இப்ப இல்ல."

"செரி." அவன் டம்ளரோடு எழுந்து, நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

கீதா விசைகளின் மேல் விரலை வைத்தாள். தட்டுவதற்கு முன்னால் ஒரு தரம், அறை மூலையில் இருந்த பீரோக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவன் முகம் தெரிந்தது. கண்ணை இறுக மூடியிருந்தான், டம்ளர் லேசாகச் சரிந்து டீ வேட்டியில் வழிந்துகொண்டிருந்தது. அதன் பிறகுதான் அவள் முதல் எழுத்தைத் தட்டினாள்.